மலையேறும் பலசரக்கு

கடைக்குப் போகாமலே கடைச்சாமான் வாங்குவதை இக்காலத்துப் பெரும் புதுமை என்று பட்டணத்தார் பேசிக்கொள்கின்றனர். தேயிலை மலைகளின் கதையை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பு ஒன்றும் இல்லை. இந்த மலைகளில் நெடுங்காலமாக எவரும் கடைக்குப் போனதில்லை என்றே சொல்லிவிடலாம். பங்களாவில் இருந்த துரை போகவில்லை. அவருக்கு வேண்டியவை தப்பால்காரன் தலையில் ஏறி வந்து சேர்ந்தன. லயத்தில் இருந்த தொழிலாளியும் போகவில்லை. அவனுக்கு எவ்வளவு அரிசி வேண்டும் என்பதைப் பிறர் தீர்மானித்து, அளந்து போட்டு, சம்பளத்தில் கழித்துக்கொண்டனர்.

ஆகவே புதுமை வேறோர் இடத்தில் இருக்கிறது. தன் வீட்டுக்கு என்ன வேண்டும், அதன் விலை யாது, அதைவிட மலிவானது வேறெங்கே உண்டு என்பவற்றையெல்லாம் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி தானே பார்த்து, தானே தீர்மானித்து, ஓடும் பஸ்ஸில் இருந்தபடியே விரல் நுனியால் கட்டளையிடுகிறாள் அல்லவா, அதுதான் புதுமை. இந்தப் புதுமை மலையேறி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, எந்த வளைவில் மூச்சு வாங்கி நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

காலைப் பஸ்

நான் நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தோட்டம் ஒன்றில் பிறந்தவன். இன்றும் அங்கேயே வசிப்பவன். ஹட்டன் நகரத்துப் பாடசாலைக்கு நாள்தோறும் பஸ்ஸில் போய்வருகிறேன். பொகவந்தலாவையிலிருந்து வரும் காலைப் பஸ்ஸில் ஒரு சிறு உலகமே ஏறிக்கொள்ளும். ஆசிரியர்கள், வங்கி எழுதுவினைஞர்கள், புடைவைக் கடைப் பெண்கள், டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகும் நோயாளிகள், உயர்தர வகுப்பு மாணவர்கள் ஆகிய எல்லோரும் தோளோடு தோள் உரசி நிற்பார்கள். முன்பெல்லாம் இந்தப் பயணத்தில் பத்திரிகை கைமாறும், அரசியல் கைமாறும், சில வேளைகளில் வடையும் கைமாறும். இப்பொழுது அநேகமாக எல்லோர் கையிலும் டச் போன் என்று நம்மவர் பெயரிட்டிருக்கும் அந்தக் கண்ணாடிப் பலகை இருக்கிறது.

பாட்டுக் கேட்பவர்கள் ஒருபுறமிருக்க, அந்தப் பலகையில் பலசரக்கு வாங்குபவர்களைக் கவனிப்பதே எனக்குப் பெரிய பொழுதுபோக்கு. நோர்வூட்டில் பஸ் புறப்படும்போது ஓர் ஆசிரியை மைசூர்ப் பருப்பைக் கூடையில் போடுவார். காசல்றீ நீர்த்தேக்கம் கண்ணில் படும்போது கோதுமை மாவும் தேங்காய் எண்ணெயும் சேரும். ஏதேனும் ஒரு வளைவில் சிக்னல் அறுந்துபோகும். சிறு வட்டம் ஒன்று திரையில் சுழன்றுகொண்டே இருக்கும். ஆசிரியை பெருமூச்சு விடுவார். டிக்கோயாவை நெருங்கும்போது வட்டம் நின்று, பருப்பு மீண்டும் தோன்றும். இந்தக் கொள்முதலில் அயல் ஆசனத்தாருக்கும் பங்கு உண்டு.

“டீச்சர், பருப்பு என்ன விலை போட்டிருக்கிறான்?” என்று ஒரு நாள் புடைவைக் கடைப் பெண் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

“சந்திக் கடையைவிடப் பத்து ரூபாய் குறைவு, தங்கச்சி. கொண்டுவந்து தரும் கூலி வேறு.”

“எது மட்டும் கொண்டுவந்து தருவான்?”

“ஹட்டன் மட்டும்.”

“அங்கிருந்து?”

“அங்கிருந்து நாங்கள்தான்!”

பஸ்ஸில் சிரிப்பு எழுந்தது. அந்த ஆசிரியையின் விடையில் இக்கட்டுரையின் பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதை வாசகர்கள் போகப் போக உணர்வர்.

இந்த வழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்கள் பிள்ளைகளிற் பலர் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் அலுவலகங்களிலும் வேலை செய்கின்றனர். முன்னர் மாதம் ஒரு முறை பணம் அனுப்புவார்கள். தீபாவளிக்கு வரும்போது பை நிறையச் சாமான் கொண்டுவருவார்கள். என்னிடம் படித்த இளைஞன் ஒருவன் வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபடியே மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருக்கும் தாய்க்குப் பால்மாவும் சவர்க்காரமும் டின் மீனும் வாங்கி அனுப்புவதாகச் சொன்னான். “பணமாக அனுப்பினால் அம்மா தங்கச்சிக்குச் செலவழித்துவிடுகிறா, சேர். பாலாக அனுப்பினால்தான் குடிப்பா” என்றான். காலி வீதியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மகன் விரலால் தொட, மலையில் ஒரு தாய் பால் குடிக்கிறாள். விஞ்ஞானத்தின் பெருமையைப் பேசுவோர் இதைவிடச் சிறந்த சான்றைத் தேட வேண்டியதில்லை.

ஒரு முதியவளும் ஒரு ரயில் நிலையமும்

இந்தக் கொள்முதல் எங்கே தொடங்கியது என்று பார்த்தால் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள கேற்ஸ்ஹெட் என்னும் ஊருக்குப் போகவேண்டியிருக்கிறது. 1984ஆம் ஆண்டு மே மாதத்தில் ஜேன் ஸ்னோபால் என்ற எழுபத்திரண்டு வயது மூதாட்டி தம் வீட்டு நாற்காலியில் அமர்ந்தபடியே தொலைக்காட்சிப் பெட்டியில் பொருட்பட்டியலைப் பார்த்து, கைக்கருவியின் பொத்தானை அழுத்தி, மாஜரீனும் கோர்ன் ஃப்ளேக்சும் முட்டையும் கேட்டார். தொலைபேசிக் கம்பி வழியே கட்டளை டெஸ்கோ கடைக்குப் போயிற்று. பொருள் வீட்டு வாசலுக்கு வந்தது. முதியோருக்கு உதவும் பொருட்டு அவ்வூர் நகரசபையும் சேர்ந்து நடத்திய முயற்சி அது. வீட்டிலிருந்து பலசரக்கு வாங்கும் இன்றைய முறைக்கு அதுவே முன்னோடி என்பர்.

பயணத்தில் இருந்தபடி வாங்கும் கலைக்குத் தென் கொரியாவைச் சொல்லவேண்டும். 2011ஆம் ஆண்டில் தலைநகர் சியோலின் சொல்லுங் நிலக்கீழ் ரயில் நிலையத்தில் ஹோம்பிளஸ் என்ற கடை நிறுவனம் ஒரு வேடிக்கை செய்தது. கடையின் அடுக்குகளைப் படமாக்கி மேடைச் சுவர்களில் ஒட்டிவிட்டது. படத்திலுள்ள பாலுக்கும் பழத்துக்கும் அடியில் சதுரக் குறி ஒன்று இருக்கும். ரயிலுக்குக் காத்திருப்பவர் அதைத் திறன்பேசியால் படம் பிடித்தால் போதும்; அவர் வேலை முடிந்து வீடு திரும்பும் நேரத்துக்குப் பொருளும் வந்து சேரும். வேலைக்கு ஓடும் மக்களுக்குக் கடைக்குப் போக நேரமில்லை. கடையே அவர்கள் நிற்கும் இடத்துக்கு வந்தது.

நம் நாட்டில் இந்தப் பழக்கம் பரவலானது ஓர் இடுக்கண்ணின் மூலமே. 2020 மார்ச் 20ஆம் நாள் கொரோனாத் தொற்றைத் தடுக்க நாடு முழுவதும் ஊரடங்குச் சட்டம் போடப்பட்டபோது கடைகள் மூடின. வீடு தேடிப் பொருள் வருவது அதுவரை வசதியுள்ளோரின் சௌகரியமாக இருந்தது, அன்றிலிருந்து தேவையாயிற்று. ஊரடங்கு நீங்கியது; பழக்கம் நீங்கவில்லை.

இந்தக் கதைகளில் நாம் வழக்கமாக வியப்பது கருவியை. ஆனால் கேற்ஸ்ஹெட் மூதாட்டிக்கு முட்டை கிடைத்ததற்குத் தொலைக்காட்சிப் பெட்டி பாதிக் காரணம் என்றால், அவர் வீட்டுக்கு ஒரு தெருவும் கதவில் ஓர் இலக்கமும் இருந்தது மறுபாதிக் காரணம். பொருள் கொண்டுவந்த பையன் எவரையும் விசாரிக்காமலே வந்துவிட்டான். இதை இங்கே நினைவில் வைத்துக்கொண்டு நம் மலைக்குத் திரும்புவோம்.

இரண்டு கூடைகள்

தோட்டங்களில் தொடக்கந்தொட்டு இரண்டு கூடைகள் இருந்தன. ஒன்று துரையின் கூடை. 1844இல் தொடங்கிய கார்கில்ஸ் போன்ற வெள்ளையர் வர்த்தக நிலையங்கள் பங்களாக்களுக்கு வேண்டிய பொருட்களைத் தருவித்துக் கொடுத்தன. ரயில் பாதை 1867இல் கண்டியையும், 1874இல் நாவலப்பிட்டியையும், 1884இல் ஹட்டனையும், 1885இல் நானுஓயாவையும் எட்டியது. மலையிலிருந்து கோப்பியை இறக்குவதற்கென்று தொடங்கப்பட்ட அந்தப் பாதையில் துரைமாரின் சீமைச் சாமான்கள் ஏறி வந்தன. துரை ஒரு சீட்டெழுதிக் கொடுத்தால் போதும். தப்பால்காரன் கடிதப் பையோடு நகரத்துக்கு நடந்து, திரும்பும்போது ரொட்டியும் இறைச்சியும் பத்திரிகையும் சுமந்து வருவான். மழையானாலும் பனியானாலும் அவன் நடை தவறியதில்லை. வீடு தேடிப் பொருள் கொண்டுவரும் இன்றைய மோட்டார் சைக்கிள் இளைஞர்களுக்கு முப்பாட்டன் அவனே. அவன் வழி தவறாமல் போனதற்குக் காரணம் எளிது: பங்களாவுக்குப் பெயர் இருந்தது, அதற்குப் போகும் பாதைக்குப் பராமரிப்பு இருந்தது.

மற்றது தொழிலாளியின் கூடை. அதில் இருந்தது பெரும்பாலும் அரிசி. கோப்பிக் காலத்திலிருந்தே அந்த அரிசி கடல் கடந்து வந்து, மாட்டு வண்டியிலும் மனிதத் தலையிலும் மலையேறியது. தோட்ட நிருவாகம் அரிசி போடும். விலை சம்பளத்தில் கழியும். கங்காணியிடம் வாங்கிய முற்பணமும் அந்தக் கணக்கோடு ஒட்டிக்கொண்டே வரும். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகவேண்டுமானால் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். புதிய தோட்டம் அந்தக் கடனைச் செலுத்தினால்தான் ஆள் விடுபடுவான். 1921ஆம் ஆண்டின் சட்டம் அந்தத் துண்டு முறையை ஒழித்தது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கீழ், 1929இல் மலைநாட்டு ஆண் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் என்று நிர்ணயமாயிற்று. கொடுக்கும் அரிசிக்கும் விலைவரம்பு வந்தது. இவை நன்மைகளே. என்றாலும் கணக்கு எழுதிய கை மாறவில்லை. கையெழுத்துப் போடத் தெரியாத எங்கள் பாட்டிமார் பெருவிரலை மையில் தோய்த்துப் பதித்தார்கள். தாளில் என்ன எழுதியிருந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

பிறர் கையை நம்பியிருக்கும் கூடை எவ்வளவு ஆபத்தானது என்பது 1973, 1974ஆம் ஆண்டுகளில் தெரியவந்தது. பங்கீட்டு அரிசியும் மாவும் குறைக்கப்பட்டன. கிராமத்தான் கொல்லையில் ஒரு மரவள்ளிச் செடியாவது நின்றது. தோட்டத்தானுக்குக் கொல்லையும் இல்லை, கையிருப்பும் இல்லை. அந்தப் பஞ்சத்தில் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் மடிந்தனர். என் தாயார் இன்றும் ஒரு பிடி மா சிந்தினால் கூட்டியள்ளிச் சலித்து வைத்துக்கொள்கிறார். காரணம் கேட்டால் அந்த ஆண்டுகளைச் சொல்வார்.

இந்தப் பின்னணியில் பார்த்தால்தான் காலைப் பஸ்ஸில் நடக்கும் சிறு காரியத்தின் பெருமை விளங்கும். பருப்புக்கு இவ்வளவு, எண்ணெய்க்கு இவ்வளவு, கொண்டுவரும் கூலி இவ்வளவு, மொத்தம் இவ்வளவு என்று திரையில் வரிவரியாகத் தெரிகிறது. வேண்டாம் என்றால் ஒரு தொடுகையில் பொருளை எடுத்துவிடலாம். பணம் கொடுப்பதற்கு முன்னரே கணக்கைப் பார்க்கும் உரிமை எங்கள் பாட்டிமாருக்கு வாய்க்கவில்லை, பேத்திமாருக்கு வாய்த்திருக்கிறது. கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. காலையில் பிரட்டுக்களத்துக்கும் மாலையில் கொழுந்து நிறுக்கும் இடத்துக்கும் இடையே அவளுடைய பொழுது முழுவதும் போய்விடுகிறது. கடைக்குப் போக ஒரு நாள் வேலையை விட்டால் அந்த நாளின் பேர் விழாது. அவளுக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரமும் பணந்தான்.

ஆனால் அந்தத் திரை பேசும் மொழி பெரும்பாலும் ஆங்கிலம். தமிழ் 1987ஆம் ஆண்டின் அரசியலமைப்புத் திருத்தத்தின் மூலம் அரசகரும மொழிகளுள் ஒன்றாயிற்று. கடைச் செயலிகள் பலவற்றுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை. எங்கள் பக்கத்தில் தாய் கேட்க, எட்டாம் வகுப்புப் பிள்ளை வாசித்துச் சொல்லுகிறது. கணக்கெழுதும் கை வெளியாரிடமிருந்து பெற்ற பிள்ளையிடம் வந்திருப்பது முன்னேற்றம் என்றாலும், தாயே வாசிக்கும் நாளன்றோ நாம் வேண்டுவது!

கடன் கொப்பி

புதியதைப் புகழும்போது பழையதை இகழ்வது முறையன்று. மலைநாட்டு நகரங்களின் பலசரக்குக் கடைகள் எங்களுக்குச் செய்த உபகாரத்தை மறக்கமுடியாது. சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமையில் ஹட்டன் கடைவீதியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது திருவிழாக் கூட்டம். வாங்குபவர் பாதி, பழைய கணக்கைத் தீர்க்க வந்தவர் பாதி. ஒவ்வொரு கடையிலும் குடும்பத்துக்கு ஒன்றாகக் கொப்பிகள் அடுக்கியிருக்கும். மாத நடுவில் கையில் காசில்லாதபோது பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்தனுப்பினால் ஒரு கிலோ மாவும் கால் கிலோ பருப்பும் வரும். கொப்பியில் ஏறும் விலை சில சமயம் ரொக்க விலையைவிடக் கூட என்பது உண்மை. ஆயினும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொன்னால், “முதலில் பிள்ளையைப் பாருங்கள், காசு பிறகு பார்க்கலாம்” என்று சொல்லும் முதலாளிமாரும் இருந்தனர், இருக்கின்றனர். திரையிலுள்ள கடைக்குக் காய்ச்சலைப் பற்றிச் சொல்ல முடியாது.

2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி இந்த இரண்டு முறைகளையும் உரைத்துப் பார்த்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தை எட்டியது. ரொட்டி சுட்டே வயிறு நிறைக்கும் லயங்களுக்குக் கோதுமை மாவின் விலை பேரிடியாயிற்று. அக்காலத்தில் திரையைப் பார்த்து விலையை அறிந்துகொண்டு, கடைக்காரரிடம் போய் நியாயம் கேட்டவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் திரையில் எதையும் வாங்கவில்லை. திரை அவர்களுக்குச் சாட்சி சொன்னது. அதே காலத்தில், காசே இல்லாதவர்களைத் தாங்கியது கொப்பிதான். மீண்டும் 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைச்சரிவுகளைக் குலைத்து வீதிகளைத் துண்டித்தபோது, சந்திக் கடையில் இருந்த அரிசியே எங்களுக்கு அரிசி. எந்தச் செயலியும் மண்சரிவைத் தாண்டி வராது. ஆகவே கைபேசி வந்தது, இனிக் கடை எதற்கு என்று கூறுவோருடன் நான் சேரமாட்டேன். ஒன்று விலையைக் காட்டுகிறது; மற்றது முகத்தைப் பார்க்கிறது. ஏழைக்கு இரண்டும் வேண்டும்.

முகவரி என்னும் கட்டம்

இப்பொழுது அந்த ஆசிரியை சொன்ன விடைக்கு வருவோம். “அங்கிருந்து நாங்கள்தான்” என்றாரே, ஏன்?

பொருட்களைக் கூடையில் போட்டு முடிந்ததும் திரையில் ஒரு கட்டம் தோன்றும். வீட்டிலக்கம் என்று கேட்கும். வீதியின் பெயர் என்று கேட்கும். நகரம் என்று கேட்கும். பட்டணத்தார் நினைத்துப் பார்க்காமலே இதை நிரப்பிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவர். தோட்டத்துப் பிள்ளையின் விரல் இங்கே நின்றுவிடுகிறது. அவளுக்கு வீட்டிலக்கம் இல்லை, வீதி இல்லை. இருப்பது லயம், லயத்தில் ஒரு காம்பரா. தன் பெயர், கீழ்ப்பிரிவு, இன்ன தோட்டம், நோர்வூட் என்று எழுதலாம். அதே பிரிவில் அதே பெயரில் நாலு பேர் இருப்பர். தோட்டத்துக்கோ இரண்டு பெயர். கந்தோர்ப் புத்தகத்தில் சீமைப் பெயர், மக்கள் நாவில் தமிழ்ப் பெயர். செயலியிலுள்ள வரைபடத்தில் இடத்தைக் குறிக்கலாம் என்றால், பச்சை நிறத்தின் நடுவே ஒரு புள்ளி விழும். அது தேயிலைச் செடியா, லயமா, மாரியம்மன் கோயிலா என்று பார்ப்பவருக்கு விளங்காது.

பிறகு தொலைபேசி உரையாடல் தொடங்கும். “ஸ்டோரைத் தாண்டி வாருங்கள், கோயிலடியில் திரும்புங்கள், கிறவல் றோட்டு ஏறுங்கள், மூன்றாவது லயம்” என்று நாம் சொல்வோம். அவ்வளவு தூரம் ஏற அந்த இளைஞனுக்குக் கட்டுப்படியாகாது. பொருள் சந்திக் கடையில் இறங்கும். அல்லது நகரத்தில் எவரேனும் ஒருவர் பெயருக்கு வரும். என் தாயாருக்காக நான் வாங்கிய பத்துக் கிலோ அரிசிப் பொதி ஒன்று ‘முகவரி காணப்படவில்லை’ என்ற குறிப்போடு திரும்பிப் போயிற்று. நாற்பது ஆண்டுகள் ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே மலையில் கொழுந்தெடுத்த அம்மா அந்தச் செய்தியைக் கேட்டு, “நான் இங்கேதானே இருக்கிறேன்!” என்றார். அதன் பின்னர் எங்கள் வீட்டுப் பலசரக்கு பாடசாலை முகவரிக்கு வருகிறது. மாலையில் நானே அதைத் தோளில் சுமந்து மலையேறுகிறேன். தப்பால்காரனுடைய வேலை என்னிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

அரிசி திரும்பிப் போனால் மறுநாள் வேறு வாங்கலாம். ஆனால் இதே கட்டத்தில் நின்றுபோவது அரிசி மட்டுமன்று. லயத்தில் இருப்பவருக்கு வரும் கடிதம் வீட்டு வாசலுக்கு வருவதில்லை. தோட்டக் கந்தோருக்குப் போய், அங்கிருந்து யார் கையிலேனும் கொடுக்கப்பட்டு, அவர் மறக்காதிருந்தால் உரியவரை அடையும். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், நேர்முகப் பரீட்சை அழைப்பு, வைத்தியசாலைத் தவணைச் சீட்டு, நீதிமன்ற அறிவித்தல் என்று எத்தனையோ தாள்கள் காலம் கடந்து வந்து பயனற்றுப் போயிருக்கின்றன. என் முதலாவது நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு முடிந்து இரண்டு நாட்களின் பின்னரே என் கைக்கு வந்தது. இது என் ஒருவனுடைய கதையன்று. எங்கள் பக்கத்தில் படித்தவர் எவரைக் கேட்டாலும் இப்படி ஒரு கதை வைத்திருப்பார்.

காரணம் சோம்பலும் அன்று, மலையின் உயரமும் அன்று. தோட்டம் என்பது ஊர் என்று கருதப்படாமல் ஒரு தொழிற்களம் என்றே கருதப்பட்டு வந்தது. அதன் பாதை தோட்டத்தின் பாதை. அதன் லயம் தோட்டத்தின் சொத்து. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குப் பணி செய்வதில் சபைகளின் கையைக் கட்டியே வைத்திருந்தது. 2018ஆம் ஆண்டில்தான் அச்சட்டம் திருத்தப்பட்டு, தோட்டத்துக்குள் பாதை போடவும் வசதி செய்யவும் சபைகளுக்கு வழி திறந்தது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கியது. 2017 மே மாதத்தில் இந்தியப் பிரதமர் நோர்வூட்டுக்கு வந்து, முன்னர் அறிவித்த நாலாயிரம் வீடுகளோடு மேலும் பத்தாயிரம் வீடுகள் கட்ட உதவுவதாகக் கூறினார். 2023ஆம் ஆண்டில், 1823இலிருந்து கணக்கிட்டு, எம்மவர் இங்கு வந்த இருநூறாண்டை மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தோம். குடியுரிமை வந்தது, வாக்குரிமை வந்தது, கைபேசியும் வந்தது. கதவிலக்கம் இன்னும் வரவில்லை.

அது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமும் அன்று. திறன்பேசியில் உலகுக்கு வழிகாட்டிய தென் கொரியாவே நெடுங்காலம் நிலத்துண்டின் இலக்கத்தைக் கொண்டுதான் வீடுகளைக் குறித்துவந்தது. வழி தேடுவது கடினம் என்று கண்டு, வீதிதோறும் பெயரும் வீடுதோறும் இலக்கமும் வைத்து, 2014 ஜனவரி முதலாம் நாள் தொடக்கம் அந்தப் புதிய முகவரியையே சட்டமாக்கியது. ஒரு நாடு முழுவதற்கும் செய்ய முடிந்ததை ஒரு மலைக்குச் செய்ய முடியாதா? பாதைக்கு ஒரு பெயர்ப் பலகை, லயத்துக்கு ஒரு பெயர், காம்பராவுக்கு ஓர் இலக்கம், அவற்றை ஏற்றுக்கொள்ளும் பிரதேச சபை, வாசல் மட்டும் வரும் தபால்காரர். வேண்டியவை இவ்வளவே. கடை நிறுவனங்களுக்கும் இதில் இலாபம் உண்டு. முகவரி உள்ள இடத்துக்கு வண்டி வரும். வண்டி வரும் இடத்தில் பாதையும் திருந்தும்.

பெயர் வைப்பதிலே ஆசிரியர்களும் மாணவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. ஒவ்வொரு மலைக்கும், ஒவ்வொரு ஓடைக்கும், ஒவ்வொரு பாதைக்கும் எங்கள் முன்னோர் வாயால் வைத்த பெயர்கள் இருக்கின்றன. எந்த ஏட்டிலும் ஏறாத அந்தப் பெயர்கள் முதியவர்களோடு மறைந்துகொண்டிருக்கின்றன. உயர் வகுப்பு மாணவர்கள் தத்தம் தோட்டத்தின் பாதைகளை வரைந்து, முதியோரிடம் கேட்டு அவற்றின் பெயர்களைக் குறித்து வைப்பார்களானால், நாளை இலக்கமிட வருபவர்களுக்கு அதுவே ஏடாகும். வெறும் எண்ணும் எழுத்தும் தலையில் விழுவதற்கு முன், தங்கள் வீதிக்குத் தாங்களே பெயர் சொல்லும் பேறு அந்தப் பிள்ளைகளுக்குக் கிட்டட்டும்.

ஆறாம் வகுப்பில் கடிதம் எழுதும் பாடம் நடத்தும்போது, வலப்புறத்து மேல் மூலையில் முதலில் முகவரி எழுதுங்கள் என்று நாம் கற்பிக்கிறோம். கோயில் வீதி என்றோ பிரதான வீதி என்றோ ஒரு வீட்டிலக்கத்தோடு கரும்பலகையில் மாதிரி எழுதிப் போடுகிறோம். நகரத்துப் பிள்ளை அதைப் பார்த்துத் தன் முகவரியை எழுதுகிறது. தோட்டத்துப் பிள்ளை கரும்பலகையில் இருக்கும் முகவரியையே அப்படியே பார்த்து எழுதி வைக்கிறது. தான் ஒருநாளும் வசித்திராத ஒரு வீதியை, தன் கையெழுத்தில், பிழையின்றி. அந்தக் கொப்பிகளைத் திருத்தும்போது எந்த இடத்தில் சிவப்பு மையிடுவது என்று எனக்குத் தெரிவதில்லை.